விழுங்காத மனிதர்

என் வீட்டுக்காரர் ஒரு பெரிய கேக், பிஸ்கட் தொழிற்சாலையில் ருசி பார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர் என்று சொன்னால், கேட்பவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிக் கண்ணை விரிக்கிறார்கள். "கொடுத்து வச்சவர்!" என்கிறார்கள். கொடுத்துவைத்தவள் நான்தான். இத்தனை வருஷம் பகல் முழுக்க அந்தத் தொழிற்சாலை அவரை வைத்துக்கொண்டிருந்தது.

ருசி பார்ப்பது என்றால் சாப்பிடுவது இல்லை. அது பலருக்குத் தெரியாது. ஒரு துண்டை எடுக்க வேண்டும், விரலால் அமுக்கி அது எழும்புகிறதா என்று பார்க்க வேண்டும், மோந்து பார்க்க வேண்டும், வாயில் போட்டு மென்று நாக்கில் உருட்ட வேண்டும். பிறகு காகிதக் கோப்பையில் துப்பிவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரால் வாயைக் கொப்பளிக்க வேண்டும். விழுங்கவே கூடாது. வயிறு நிறைந்தால் நாக்கு பொய் சொல்லும் என்பது அவர்கள் தொழிற்சாலைச் சட்டம். நாளெல்லாம் தட்டுத் தட்டாக வருவதை விழுங்கினால் மனிதன் என்னாவான் என்பதும் நியாயம்தான். அதைக் குறை சொல்லவில்லை.

ஓய்வு பெற்ற பிறகும் கோப்பையை விடவில்லை பாருங்கள், அதைத்தான் சொல்கிறேன். சாப்பாட்டை எல்லாரையும்போல விழுங்குவார். ஆனால் மாவும் சர்க்கரையும் சேர்ந்து அடுப்பில் வெந்தது எதுவாக இருந்தாலும் சட்டைப்பையில் இருந்து கோப்பை வெளியே வந்துவிடும். என் அண்ணன் மகள் கல்யாணத்தில், மணப்பெண் தன் கையால் ஊட்டிய கேக்கை மேடையிலேயே திரும்பி நின்று துப்பிய மகான் இவர். அன்றைக்கு என் மானம் கப்பலேறியது, இன்னும் கரைக்கு வரவில்லை. அண்ணன் அவருக்குத் 'துப்பறியும் மாப்பிள்ளை' என்று பேர் வைத்ததும் அன்றைக்குத்தான்.

இவருக்கு வாழ்க்கைப்பட்ட எனக்குக் கேக் செய்வதில்தான் உயிர். விதியின் விளையாட்டை என்னவென்று சொல்ல. அண்ணன் வீட்டு முன்பக்கத்தில், தெரு முனையைப் பார்த்தபடி ஓர் அறை சும்மா கிடக்கிறது. "நீ கடை போட்டுக்க" என்று அவனாகவே சொன்னான். அடுப்பும் வந்து இறங்கியது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஒருநாள் கோபத்தில், "நான் செய்யுற கேக்ல ஒரு துண்டை நீங்க என்னைக்கு முழுசா விழுங்குறீங்களோ, அன்னைக்குத்தான் கடையைத் திறப்பேன்" என்று இவரிடம் சொல்லித் தொலைத்தேன்.

அவ்வளவுதான். அந்த அடுப்பு இன்னும் பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றாமல் நிற்கிறது.

வீட்டு அடுப்பில் செய்துகொண்டு போய் வைப்பேன். மெல்லுவார். நான் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டு நிற்பேன். கோப்பை எழும்பும். "நல்லாத்தான் இருக்கு. ஆனா..." என்பார். அந்த 'ஆனா'வைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. ஆனா வெண்ணெய் கொஞ்சம் முந்துது. ஆனா அடிப்பக்கம் ஒரு நிமிஷம் கூட வெந்திருச்சு. சரி செய்து கொண்டுபோனால் வேறொரு ஆனா காத்திருக்கும். இது போதாதென்று, "ஊர்ல மத்தவங்க என்ன செய்யறாங்கன்னு தெரியாம கடை போடக் கூடாது" என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் என்னைப் பேக்கரி பேக்கரியாக இழுத்துக்கொண்டு அலைகிறார்.

இந்த ஞாயிறு காலையில் அண்ணன் போன் செய்தான்.

"இன்னைக்குள்ள ஒரு முடிவு சொல்லும்மா. செல்போன் ரிப்பேர் பண்றவர் ஒருத்தர் ரூமைக் கேட்டு நச்சரிக்கிறார். நாளைக்கு வந்து பெஞ்சைப் போட்டுடுவார். நீயும் திறக்க மாட்டேங்குற, அவரையும் எத்தனை நாள் நிறுத்தி வைக்கிறது?"

"சாயங்காலம் சொல்றேண்ணே" என்றேன்.

நான் அப்படித் தைரியமாகச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு பேக்கரி. அதை நடத்துகிற பெண் என்னைவிடச் சின்னவள், என்னை அக்கா என்பாள். போன வாரம் அவளிடம் என் வயிற்றெரிச்சலையெல்லாம் கொட்டினேன். அவள் சிரித்துவிட்டு, "அக்கா, உங்க கேக்கை இங்க கொண்டாந்து வைங்க. யாருதுன்னு சொல்லாம குடுப்போம். என்ன பண்றார்னு பாத்துடலாம்" என்றாள். இன்று அவர் எழுந்திருக்கும் முன்பே ஒரு ட்ரே நிறையப் பேரீச்சம்பழக் கேக்கை அவளிடம் சேர்த்துவிட்டேன். என் கையில் வருவதிலேயே சிறந்தது அதுதான். மூன்றாவதாக அந்தக் கடைக்குப் போவது என்று திட்டம்.

முதல் கடை பெரியது. தரையில் முகம் பார்க்கலாம். முதலாளி தானே வந்து கிரீம் வைத்த பஞ்சுக் கேக்கைத் தட்டில் கொடுத்தார். இவர் அதை விரலால் அமுக்கிவிட்டு, அது எழும்பும்வரை குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். பின்னால் வரிசை நீண்டது. ஒருவர் வாட்ச்சைப் பார்த்தார், ஒருவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அப்புறம் மென்றார், கோப்பையை எடுத்தார், துப்பினார்.

முதலாளி பதறிப்போனார். "என்ன சார், கெட்டுப்போச்சா?"

"இல்லீங்க, நல்லாத்தான் இருக்கு. ஆனா சோடா கொஞ்சம் தூக்கல்."

வரிசையில் இருந்த ஒரு அம்மா கையில் இருந்த கேக்கை மெதுவாகத் திரும்ப வைத்துவிட்டு நடையைக் கட்டினாள். முதலாளியின் முகம் போன போக்கைச் சகிக்க முடியாமல், எங்களுக்குத் தேவையே இல்லாத பெரிய ரொட்டி ஒன்றை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

"ஏங்க, அந்த மனுஷன் உங்ககிட்ட அபிப்பிராயம் கேட்டாரா?"

"கெட்டுப்போச்சான்னு கேட்டாரே."

இவரோடு பேசி ஜெயித்தவர் யார்?

இரண்டாவது கடையில் தேன் கேக்கைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டிக் குச்சி செருகி, ருசி பார்க்கச் சொல்லி வாசலிலேயே வைத்திருந்தார்கள். இவர் ஒன்றை எடுத்து மென்று துப்பினார். பக்கத்தில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு வாண்டு இவரையே வாய் பிளந்து பார்த்தது. பிறகு தன் வாயில் இருந்ததை அதே பாணியில் தரையில் துப்பிவிட்டு, "நல்லால்ல" என்று பலமாக அறிவித்தது. அந்த அம்மா குழந்தை முதுகில் ஒன்று வைத்தாள். வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அடி எனக்கு விழ வேண்டியது என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது. நான் இங்கே ஒரு கேக் பெட்டி வாங்கினேன். இப்படியே போனால் ஊரில் உள்ள பேக்கரிக்காரர்களுக்கு எல்லாம் நான் மன்னிப்புக் கேட்டே வீடு நிறைந்துவிடும்.

"புள்ள சரியாத்தான் சொல்லுச்சு. தேன் கம்மி, சர்க்கரைப் பாகுதான் ஜாஸ்தி" என்றார் வழியில். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். மூன்றாவது கடை நெருங்க நெருங்க என் நடை தானாகவே வேகமெடுத்தது.

கடையில் நல்ல கூட்டம். சுவரோரம் நாலைந்து பேர் டீயும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் என் ட்ரே முன்வரிசையில் இருந்தது. கால்வாசி அதற்குள் தீர்ந்திருந்தது. கடைக்காரப் பெண் என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல, "வாங்க சார், புதுசா பேரீச்சம்பழக் கேக் வந்திருக்கு. பாக்குறீங்களா?" என்றாள். அவள் நடிப்பதற்கே போயிருக்கலாம்.

அவர் துண்டைக் கையில் வாங்கினார். அமுக்கினார். மோந்தார். இடது கையில் கோப்பை தயாராக இருந்தது. ஒரு கடி கடித்து மெல்லத் தொடங்கினார். நான் சாமான் பார்ப்பதுபோல பிஸ்கட் பாக்கெட் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது தலைகீழாக இருந்ததுகூட எனக்குத் தெரியவில்லை.

அவர் தாடை நின்றது. கோப்பை எழும்பவில்லை. தொண்டை மணி ஒருமுறை மேலே ஏறி இறங்கியது.

விழுங்கிவிட்டார்!

மிச்சத்தையும் வாயில் போட்டு, அதையும் விழுங்கினார். கையைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அங்கேயே அவர் கழுத்தைக் கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. கடைக்காரப் பெண் கல்லாவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். நான் அவரைக் கையைப் பிடித்து வெளியே கடை வாசல் பெஞ்சுக்கு இழுத்துவந்தேன்.

"எப்படிங்க இருந்துச்சு?"

"உன்னுதுதானே அது?" என்றார் அவர்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "எப்பத் தெரிஞ்சுது?"

"கைல வாங்கினப்பவே. இத்தனை நாளா தின்... மென்னு பாக்குறேன், எனக்குத் தெரியாதா?"

"அப்போ தெரிஞ்சேதான் விழுங்குனீங்களா?"

"பின்ன? அத்தனை பேரு பாத்துட்டு இருக்காங்க. அவங்க நடுவுல நின்னு என் பொண்டாட்டி செஞ்சதைத் துப்பச் சொல்றியா?"

இப்படி ஒரு பதிலுக்கு என்ன செய்வது? சந்தோஷப்படுவதா, இல்லை கையில் இருந்த ரொட்டியால் ஒன்று போடுவதா? என் அண்ணன் மகள் ஊட்டியதையே மேடையில் துப்பியவர், எனக்காக மானம் பார்த்திருக்கிறார். அது நெஞ்சைத் தொட்டது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் இவ்வளவு நாள் ஏங்கியது மரியாதைக்கு விழுங்குகிற ஒரு வாய்க்கா?

"மரியாதையை விடுங்க. நல்லா இருந்துச்சா, இல்லியா? அதை மட்டும் சொல்லுங்க."

அவர் யோசித்தார். நாக்கை வாய்க்குள் ஒரு சுற்றுச் சுற்றினார். நான் சபதம் வைத்த அந்தத் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா..."

"நிறுத்துங்க!"

பெஞ்சடியில் மேய்ந்துகொண்டிருந்த புறா ஒன்று எழுந்து பறந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நாளைக்கு அந்த அறையில் ஸ்க்ரூ டிரைவரும் உடைந்த போனுமாகக் கிடக்கப்போகிறது. நான் இந்த மனிதரின் கோப்பையைப் பார்த்துக்கொண்டே கிழவியாகப்போகிறேன். கழுவிக்கொண்டாவது இருக்கலாம் என்றால் அது காகிதக் கோப்பை, அந்த ஆறுதலும் இல்லை.

அப்போது கடைக்காரப் பெண் ட்ரேயைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"அக்கா, காலி! அந்தக் கண்ணாடி போட்டவர் ஒண்ணு சாப்பிட்டுட்டு வீட்டுக்குன்னு மிச்சம் எல்லாத்தையும் கட்டச் சொல்லிட்டாரு. பின்னாடி நின்னவங்க அவரோட சண்டைக்குப் போயிட்டாங்க. நாளைக்கு உண்டான்னு கேக்குறாங்க, நான் என்ன சொல்லட்டும்?"

நான் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தேன். சுவரோரம் ஒரு ஆள் என் கேக்கை டீயில் தோய்த்துக் கண்ணை மூடித் தின்றுகொண்டிருந்தார். ஒருத்தி வாய் நிறைய வைத்துக்கொண்டு போனில் யாரிடமோ பேச முயன்றுகொண்டிருந்தாள். எல்லாரும் மென்றார்கள், எல்லாரும் விழுங்கினார்கள். ஒருவர் கையிலும் கோப்பை இல்லை. ஒரு தொண்டையையே பார்த்துக்கொண்டு நான் எவ்வளவு நாளை வீணாக்கியிருக்கிறேன் என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

போனை எடுத்தேன்.

"அண்ணே, ரிப்பேர்காரரை வேற இடம் பாக்கச் சொல்லு. நாளைக்கு நான் வந்து அடுப்பைப் பிரிக்கிறேன்."

"அட! மாப்பிள்ளை விழுங்கிட்டாரா?"

"ஊரே விழுங்கிருச்சு. அவர் வந்தா வரட்டும்."

போனை வைத்தபோது இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான்தான் இன்னும் சொல்லி முடிக்கலியே" என்றார்.

"நீங்க சொல்லவே வேண்டாங்க. நான் கேக்கப்போறதில்லை."

கடைக்காரப் பெண் ட்ரேயைப் பெஞ்சில் வைத்துவிட்டு நைசாக உள்ளே நழுவினாள். இவர் ட்ரேயைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். மறுபடி ட்ரேயைப் பார்த்தார்.

"ஒரு துண்டுகூட மிச்சமில்லியா?"

"எதுக்கு? இன்னொரு ஆனா கண்டுபிடிக்கவா?"

"இல்லம்மா. எவ்வளவோ வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் ஒண்ணு உள்ள போச்சு. அது..." என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "இன்னொண்ணு கேக்குது."

சொல்லிவிட்டு, ஆள்காட்டி விரலை ட்ரேயின் மூலையில் வைத்து அமுக்கினார். ஒட்டிய தூளை வாயில் வைத்துக்கொண்டார். கோப்பை பெஞ்சில் அவர் பக்கத்திலேயே இருந்தது. அதை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்கு அப்படியே உருகிவிடும்போல இருந்தது. ஆனால் இத்தனை நாள் பட்டது கொஞ்சமா? அவ்வளவு லேசில் விடுவேனா? ட்ரேயை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தேன்.

"கடை திறக்கட்டும். வரிசையில நின்னு வாங்கிக்கங்க" என்றேன்.