ஆளுக்கு ஒரு துண்டு

சீமாட்டிக்கு வாந்தி வராது. சீமாட்டிக்கு என்றில்லை, எந்தக் குதிரைக்குமே வராது. நாயோ பூனையோ மனிதனோ கண்டதைத் தின்றுவிட்டால் கக்கித் தொலைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். குதிரை விழுங்கினால் விழுங்கியதுதான். பின்பக்கமாக வெளியே போனால் பிழைத்தது, போகாவிட்டால் அதன் உயிர் போகும். இந்த ஒரு விஷயத்தை மேட்டுத் தெருவில் போகிறவர் வருகிறவருக்கு விளங்க வைக்க வண்டிக்காரர் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திப் பார்த்துவிட்டார். கேட்டவர்கள் எல்லோரும் "அப்படியா!" என்று ஆச்சரியப்பட்டார்கள். ஆச்சரியப்பட்டுக்கொண்டே கையில் இருந்ததைச் சீமாட்டியின் வாயில் வைத்தார்கள்.

மேட்டுத் தெரு குறுகலானது, செங்குத்தானது, கல் பாவியது. மோட்டார் வண்டி நுழைய முடியாது. அதன் உச்சியில் ஒரு பெரிய விடுதி. அங்கே சேரும் அழுக்குத் துணி மூட்டைகளைக் கீழே சலவைக்கூடத்துக்கு இறக்குவதும், வெளுத்து மடித்ததை மேலே ஏற்றுவதும்தான் வண்டிக்காரருக்கும் சீமாட்டிக்கும் பிழைப்பு. வண்டிக்காரரின் மனைவிக்கும் அதே சலவைக்கூடத்தில்தான் வேலை. ஜன்னலோரமாக உட்கார்ந்து கிழிந்த படுக்கை விரிப்புகளைத் தைப்பார். தையல்காரம்மா என்றால்தான் அங்கே தெரியும். பிள்ளைகள் இல்லாத வீடு. கொஞ்சல், திட்டு, கரிசனம் எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்த வீட்டில் சீமாட்டி ஒருத்திதான்.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. கழுவாத வாளியில் தண்ணீர் வைத்தால் மூக்கைத் திருப்பிக்கொள்வாள். மழை நாளில் லாயத்தை விட்டுக் கிளம்பக் கெஞ்ச வேண்டும். ஆனால் விடுதி வாசல் கம்பத்தில் கட்டிவிட்டால் போதும், தெருவில் வருகிற ஒவ்வொருவருக்கும் முன்னால் தலையைத் தாழ்த்தி, பிறந்ததிலிருந்து பட்டினி கிடப்பவள் போல ஒரு முகத்தை வைத்துக்கொள்வாள். பாவமாக நிற்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பார்த்தவர்களுக்குப் பெற்ற வயிறு பற்றி எரியும். பிள்ளை பெறாதவர்களுக்கும் எரியும். உடனே பையைத் துழாவுவார்கள்.

போன குளிர்காலத்தில் ஒரு தோட்டக்காரர் வெட்டிப் போட்ட புல்லைச் சாக்கோடு கொண்டு வந்து அவள் முன்னால் கொட்டிவிட்டுப் போனார். நல்ல மனுஷர். புல் குதிரைக்குத் தின்னக் கொடுப்பதுதானே என்று நினைத்திருப்பார். அது சாக்குக்குள்ளேயே சூடேறிப் புளிக்கத் தொடங்கிய புல். சீமாட்டியின் வயிறு தவில் மாதிரி ஊதிவிட்டது. கால்நடை டாக்டர் வந்து மல்லுக்கட்டி அவளை மீட்டார். மீட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"குடல் ரொம்ப நொந்து போயிருக்கு. ஊற வச்ச காய்ஞ்ச புல்லு, அதுவும் கொஞ்சம் கொஞ்சமா. வேற ஒண்ணும் வாயில படக் கூடாது. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா என்னைக் கூப்பிட்டுப் பிரயோஜனம் இல்லை."

அதற்குப் பிறகுதான் தையல்காரம்மா ஒரு வாய்க்கூட்டைப் பின்னினார். தைக்கவே லாயக்கில்லாமல் கிழிந்த விரிப்புகளின் ஓரங்களை முறுக்கி, கயிறாக்கி, கூடை மாதிரி முடைந்து, காதுக்குப் பின்னால் கட்ட இரண்டு வார் வைத்தார். அதைப் போட்டால் சீமாட்டி மூச்சு விடலாம், தண்ணீர் குடிக்கலாம். எதையும் கவ்வ மட்டும் முடியாது. கன்னத்தில் உராயாமல் இருக்க உள்பக்கம் பழைய போர்வைத் துணி வைத்துத் தைத்திருந்தார். அவ்வளவு பக்குவமாக அவர் கணவருக்குக்கூட எதுவும் தைத்துக் கொடுத்ததில்லை, வண்டிக்காரரே அதைச் சொல்லிக் காட்டியிருக்கிறார்.

வாய்க்கூடு போட்டதிலிருந்து சீமாட்டிக்கு ஒரு குறையும் வரவில்லை. வண்டிக்காரருக்குத்தான் வந்தது. தெருவே அவரைக் கொலைகாரனைப் பார்ப்பது போலப் பார்த்தது. "வாயைக் கட்டிப் போட்டு வேலை வாங்குறானே, இவன்லாம் மனுஷனா?" என்று காதுபடவே பேசினார்கள். அவர் நின்று விளக்குவார். டாக்டர் சொன்னதைச் சொல்வார். வாந்தி விஷயத்தைச் சொல்வார். "சும்மா கதை விடாதய்யா" என்பார்கள்.

விடுதியின் மாடியறையில் ஒரு அம்மாள் பல மாதங்களாகத் தங்கியிருந்தார். மாடிக்காரம்மா என்றுதான் வேலைக்காரர்கள் சொல்வார்கள். இளகிய மனசு. ஜன்னல் வழியாக வாய்க்கூட்டைப் பார்த்துப் பார்த்து அவருக்குச் சோறு இறங்கவில்லையாம். மேனேஜரிடம் போய் அழுதார். அடுத்த அறைக்காரர்களையும் சேர்த்துக்கொண்டார். மேனேஜர் வண்டிக்காரரைக் கூப்பிட்டார்.

"இங்க பாருய்யா, எனக்கு உன் குதிரையும் வேணாம், அதோட குடலும் வேணாம். நாளைக்கு அந்தக் கருமத்தைக் கழட்டிட்டு வர்றதா இருந்தா வா. இல்லேன்னா சந்தையில வேற வண்டிக்காரனுங்க நிறைய இருக்காங்க."

"சார், கழட்டினா ஆளாளுக்கு எதையாவது குடுத்துருவாங்க சார்."

"குடுக்காம பாத்துக்கோ. அது உன் வேலை."

வீட்டில் அன்று யாருக்கும் சாப்பாடு பிடிக்கவில்லை. தையல்காரம்மா வாய்க்கூட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கழட்டாதீங்க. வேலை போனா போகட்டும்."

"வேலை போனா அவளுக்குப் புல்லு எங்கிருந்து வரும், சொல்லு. மூட்டையை எடுத்துட்டுக் கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள ஓடி வந்துடறேன்."

"நீங்க வந்துடுவீங்க. அவங்க அதுக்குள்ளயே குடுத்துடுவாங்க."

அவருக்கும் அது தெரியும். தெரிந்து என்ன செய்ய? வேறு வழி எதுவும் அவர் மூளைக்கு எட்டவில்லை.

மறுநாள் காலை விடுதிக்கு முந்தின வளைவில் வண்டியை நிறுத்தி, வாய்க்கூட்டைக் கழற்றி இருக்கைக்கு அடியில் வைத்தார். சீமாட்டி வெறும் வாயோடு மேடேறி வந்ததைப் பார்த்ததும் வாசலில் நின்றவர்கள் கைதட்டினார்கள். யாரோ "விடுதலை, விடுதலை!" என்று கத்தினார். ஒரு ஊரே ஜெயித்துவிட்ட மாதிரி ஒரு பூரிப்பு. அவளுக்குக் கொண்டாட்டம் பிடித்துவிட்டது, கழுத்தை நீட்டி எல்லோரையும் மோந்து பார்த்தாள்.

வண்டிக்காரர் வாட்ச்மேனைத் தேடிப் பிடித்தார். அந்த வாசலில் அவருடைய பேச்சைக் காது கொடுத்துக் கேட்கிற ஒரே ஆள்.

"தம்பி, உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன். நான் வர்ற வரைக்கும் ஒருத்தரும் அவளுக்கு ஒண்ணும் குடுக்கக் கூடாது."

"நான் பாத்துக்கறேன், நீங்க போங்கண்ணே."

பின்கட்டில் மூட்டையைத் தோளில் ஏற்றித் திரும்பினால் மேனேஜர் நின்றார். "அதை அங்க போட்டுட்டு வா. அந்த அம்மா உன்னைப் பாக்கணுங்கறாங்க. நடந்ததுக்கு ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுரு, பிரச்சினை முடிஞ்சு போகும்."

மாடிக்காரம்மா வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வண்டிக்காரர் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை, கேட்டார். அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. உட்காரச் சொன்னார். காப்பி வரவழைத்தார். சின்ன வயதில் தன் வீட்டில் இருந்த நாயைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அந்த அறையின் ஜன்னல் தோட்டத்துப் பக்கம் இருந்தது. தெரு தெரியவில்லை. வண்டிக்காரர் முள்ளின் மேல் உட்கார்ந்திருப்பது போல நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கொதிக்கிற காப்பியை ஒரே மூச்சில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார். நாய் இன்னும் சாகவில்லை. அது குட்டி போட்டது, தொலைந்து போனது, திரும்பி வந்தது. குறுக்கே பேச அவருக்கு வாய் வரவில்லை. மேனேஜர் கதவருகில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

"என் மேல உங்களுக்குக் கோபம் இல்லையே?"

"கோபம் என்னங்கம்மா. நான் வர்றேங்க."

"இனிமே அது நல்லா சாப்பிடட்டும். வாட்ச்மேன்கிட்ட ஒரு பை நிறைய பன் குடுத்தனுப்பியிருக்கேன், போட்டிருப்பார்."

வண்டிக்காரர் கோப்பையை எங்கே வைத்தார் என்று அவருக்கு நினைவில்லை. கீழே விழுந்து உடைந்த சத்தம் மட்டும் பின்னால் கேட்டது.

வாசலில் வாட்ச்மேன் காலிப் பையை உதறிக்கொண்டிருந்தான். முகமெல்லாம் பல்.

"மாடிக்காரம்மா குடுக்கச் சொன்னாங்கண்ணே. மேனேஜரும் சரின்னுட்டாரு. இனிமே குடுக்கலாம்தானே? அதுக்குத்தானே கழட்டினீங்க?"

கம்பத்தைச் சுற்றி ஆப்பிள் தோலும் பிஸ்கட் காகிதமும் கிடந்தன. சீமாட்டியின் உதட்டு மயிரில் ரொட்டித் துகள் ஒட்டியிருந்தது. அவள் திருப்தியாக நாக்கைச் சுழற்றினாள். "யார் யார் குடுத்தீங்க?" என்று வண்டிக்காரர் கேட்டார். "நான் ஒரு துண்டுதான்" என்றார் ஒருவர். "நானும் ஒரே ஒரு துண்டுதான்" என்றார் பக்கத்தில் நின்றவர். பொய் இல்லை. எல்லோருமே ஆளுக்கு ஒரு துண்டுதான் கொடுத்திருந்தார்கள்.

மூட்டையை ஏற்றாமலேயே அவளைக் கீழே நடத்திக்கொண்டு போனார். பாதி வழி வரை நன்றாகத்தான் நடந்தாள். அவர் மனம் சபலப்பட்டது, ஒன்றும் ஆகாது போலிருக்கிறது என்று தோன்றியது. சலவைக்கூடத்து முற்றத்துக்குள் நுழைந்ததும் சீமாட்டி நின்றாள். திரும்பித் தன் விலாவைப் பார்த்தாள். முன்காலால் தரையைப் பிறாண்டினாள். ஜன்னலோரத்திலிருந்த தையல்காரம்மா ஊசியைத் துணியிலேயே விட்டுவிட்டு எழுந்து வந்தார்.  ஆளுக்கொரு பக்கமாகக் கடிவாளத்தைப் பிடித்து அவளை முற்றத்தைச் சுற்றி நடத்த ஆரம்பித்தார்கள். அவள் படுக்கப் பார்த்தாள். படுத்தால் புரளுவாள், புரண்டால் குடல் முறுக்கிக்கொள்ளும் என்று இவர்கள் இழுத்தார்கள். வியர்வை அவள் கழுத்திலிருந்து சொட்டியது.

டாக்டர் வந்து வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். இந்தப் பக்கம் கேட்டார், அந்தப் பக்கம் கேட்டார். மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார். ஊசி போட்டார். சீமாட்டி முனகியது சலவைக்கூடம் முழுக்கக் கேட்டது. கடைசியில் டாக்டர் எழுந்து நின்று தலையை ஆட்டினார்.

"வேதனைப்பட விடாதீங்க. நான் முடிச்சு விட்டுடறேன்."

தையல்காரம்மா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டார். "அவளுக்கு வலி தெரியாதுல்ல டாக்டர்?" என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றார் டாக்டர். முடிந்த பிறகு வண்டிக்காரர் அவரைப் பின்தொடர்ந்து வாசல் வரை போனார்.

"எது அவளைக் கொன்னுச்சுங்க? அந்தப் பன்னா?"

"எதுன்னு தனியா எப்படிச் சொல்றது? எல்லாம் சேர்ந்துதான்."

திட்டுவதற்கு ஒரு ஆள் கிடைத்திருந்தால் வண்டிக்காரருக்கு நெஞ்சு கொஞ்சம் ஆறியிருக்கும். அந்தத் தெருவில் அவர் போய்ச் சட்டையைப் பிடிக்க ஒரு கெட்டவன்கூட இல்லை. தன் சட்டையைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். நான்தானே கழற்றினேன், நான்தானே கழற்றினேன் என்று விடிய விடிய உள்ளுக்குள் அதே பேச்சு.

விடிந்ததும் தையல்காரம்மா வாய்க்கூட்டைக் கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"விடுதிக்கு வேற வண்டி பேசிட்டாங்களாம். கொண்டு போய் அந்த ஆள்கிட்ட குடுங்க. அந்தக் குதிரையாவது இருக்கட்டும்."

வண்டி இல்லாமல் அந்த மேட்டை ஏறுவது அவருக்குப் புதிது. மூச்சு வாங்கியது. உச்சிக்கு வந்தபோது கம்பத்தைச் சுற்றிக் கூட்டம். சீமாட்டி நின்ற இடத்தில் பூ வைத்திருந்தார்கள். பூவோடு கேரட், ஆப்பிள், பன், ரொட்டி எல்லாம் குவித்திருந்தார்கள். அவளுக்குப் பிடித்தது என்று ஆளாளுக்குக் கொண்டு வந்து வைத்தது. அதே கம்பத்தில் இளம் சாம்பல் நிறக் குதிரை ஒன்று கட்டியிருந்தது. அது குவியலைப் பார்த்துத் தலையைத் தாழ்த்திக்கொண்டிருந்தது.

வண்டிக்காரர் ஓடினார். "அய்யா, இதைப் போடுங்க, முதல்ல இதைப் போடுங்க" என்று புது வண்டிக்காரனிடம் வாய்க்கூட்டை நீட்டினார். அவன் அதைத் தொடவில்லை.

"பெரியவரே, உங்க பிழைப்பு போச்சுன்னா என் குதிரை வாயையா கட்டணும்? என் குதிரையை எனக்குப் பாத்துக்கத் தெரியும்."

மாடிக்காரம்மா கூட்டத்திலிருந்து வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நேற்று இரவு அவர் உண்மையாகவே தூங்கவில்லை.

"இன்னும் இதைத் தூக்கிட்டு வர்றீங்களே! அது போன பிறகுமா உங்க மனசு இறங்கல?"

 வண்டிக்காரர் மண்டியிட்டு அந்தக் குவியலை அள்ளி வாய்க்கூட்டுக்குள் போட ஆரம்பித்தார். கேரட், பன், ஆப்பிள், கைக்கு அகப்பட்டதை எல்லாம் போட்டார். எங்காவது தூரமாகக் கொண்டு போய்க் கொட்டிவிடலாம் என்று ஒரே குறி. "செத்ததுக்கு வச்சதைத் திருடுறான் பாரு" என்று யாரோ அவர் தோளைப் பிடித்து இழுத்தார்கள். அவர் உட்கார்ந்த வாக்கில் சாய்ந்தார். வாட்ச்மேன் ஓடி வந்து அவரைத் தாங்கினான். "விடுங்கண்ணே, விடுங்க" என்று தேற்றினான், அவனும் அழுதுகொண்டிருந்தான்.

வாய்க்கூடு கைமாறியது. மாடிக்காரம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். நெருக்கமாக முடைந்தது, உள்ளே மெத்தென்று துணி வைத்தது, வாய் வரை நிரம்பியிருந்தது. கூடை மாதிரி பிடித்துக்கொள்ள வசதியாக இருந்தது. அவர் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு சாம்பல் குதிரையின் முகத்துக்கு நேராக நீட்டினார். குதிரை மூக்கை உள்ளே விட்டது.