அறிவித்தல் தாளில் வந்த பட்டப்பெயர்

தேவாலயப் பங்கு அலுவலகத்தின் புதிய கணினி கிறகோரியின் பட்டப்பெயரையும் சேர்த்து அச்சடித்திருந்தது. ஏன் என்று றஜிந்தனுக்குப் பிடிபடவில்லை. பழைய தரவுத்தளத்தைப் புதியதற்கு மாற்றிக் கொடுத்தவனே அவன்தான்.

அந்தக் கரையோரப் பங்கில் நான்கு கிறகோரிகள். ஆளைப் பிரித்தறிய, பெயருக்குப் பின்னால் பட்டத்தையும் பதிவது அலுவலக வழக்கம். வெளியே போகும் தாளில் மட்டும் அது வரக்கூடாது. பழைய மென்பொருள் இரண்டுக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியை வைத்து, அச்சடிக்கும்போது அதற்குப் பின்னால் உள்ளதை விட்டுவிடும். என்ன குறி என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை.

வரும் ஞாயிறு பூசையில் கிறகோரியின் மகள் கிறிஸ்ரினாவின் கலியாண அறிவித்தல். தாளில் ஆங்கில எழுத்தில் ‘கிறகோரிசூடை’ என்று, சூடை மீனின் பெயரில் வந்த பட்டமும் சேர்ந்து ஒட்டிக் கிடந்தது.

“சூடை அண்ணை எண்டால் திரும்பிப் பாக்கிறனியள்தானே?” என்றாள் எழுதுவினைஞர் நிரோஜா.

“கடலிலை கூப்பிடு பிள்ளை. கோயிலுக்குள்ளை, சாவகச்சேரிச் சம்பந்தப் பகுதிக்கு முன்னாலை வேண்டாம்,” என்றார் தாளைப் பார்க்க வந்திருந்த கிறகோரி.

உருவமில்லாத இத்தகைய குறிகளைக் கட்டுப்பாட்டு எழுத்துகள் என்பார்கள். 0 முதல் 31 வரையும், 127உம் அவற்றின் எண்கள் என்பது றஜிந்தனின் நினைப்பு. அத்தனையையும் தேடினான். ஒன்றும் இல்லை.

பிறகு எண்ணிப் பார்த்தான். பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருந்தன. கிறகோரியின் பெயருக்கு ஏழு, பட்டத்துக்கு ஆறு, மொத்தம் பதின்மூன்று எழுத்து. கணினியோ பதினான்கு என்றது. பைட் கணக்கில் பதினைந்து.

“பதினாலாவது ஆள் ஒளிச்சிருக்கிறான், நிரோஜா. அவன் இரண்டு பைட் இடம் பிடிச்சிருக்கிறான்.”

பைட்டுகளை எண்களாகவே காட்டச் சொன்னான். நடுவில் 194, 129.

பழைய எழுத்துத் தொகுதியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே பைட். அங்கே குறி வெறும் 129. புதியதான யூ.ரி.எஃப்-8, 127 வரையுள்ளவற்றை அப்படியே ஒரு பைட்டில் வைத்துக்கொள்ளும். அதற்கு மேலுள்ளவற்றுக்கு இரண்டு அல்லது கூட எடுக்கும்; 129ஐ 194, 129 என்று இரண்டாக எழுதும். 128 முதல் 159 வரை கட்டுப்பாட்டு எழுத்துகளின் இரண்டாவது கூட்டம் இருப்பதை அவன் மறந்துபோயிருந்தான்.

“அப்ப அதை அழிச்சுவிடுங்கோவன்,” என்றாள் நிரோஜா.

“அழிச்சால் எது பெயர், எது பட்டம் எண்டு பிறகு ஒருத்தருக்கும் தெரியாது. முதல் பிரிப்பம்.”

எல்லாப் பதிவுகளிலும் 129ஆம் எழுத்துக்கு முன்னுள்ளதை அட்டவணையின் பெயர் நிரலிலும், பின்னுள்ளதைப் பட்டத்துக்கென்று புதிதாகத் திறந்த நிரலிலும் போட்டான். குறியை நீக்கினான். அறிவித்தல் தாள் இனிப் பெயர் நிரலை மட்டும் வாசிக்கும்.