மேம்பாலம் ஏறாத ஜீப்

ஏலகிரி மலையில் மூன்றாவது வளைவிலேயே ஜீப்புக்கு மூச்சு வாங்கியது. அழகேசன் ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தார். என்ஜின் கத்தியதே தவிர வண்டி நகரவில்லை. கியர் மாற்றும் வேலையில்லாத பழைய ஆட்டோமேட்டிக் அது. ஊரில் ஒருத்தரையும் நம்பாத மனிதர், மனைவி சரசாவின் தம்பி கிருபாகரனை மட்டும் நம்பி அவனிடம் வாங்கியது. "எந்த மலையா இருந்தாலும் பிச்சிக்கினு ஏறும் மாமா" என்றிருந்தான்.

அழகேசன் இறங்கி, பின்சக்கரத்துக்குக் கல்லை முட்டுக் கொடுத்தார். அப்போதுதான் பொறி தட்டியது. அவர்கள் ஊரான ஆவடிப் பக்கம் மேடு என்றால் மேம்பாலம்தான். வண்டியை ஓட்டிக் காட்டிய அன்று கிருபாகரன் அதில் ஏறவே இல்லை. "மேல ஒரே டிராபிக் மாமா" என்று பாலத்துக்குக் கீழேயே சுற்றிக்கொண்டு போனான்.

"உன் தம்பி என்னை நல்லா கவுத்துட்டான்டி."

பின்னாலேயே இறங்கி வந்த சரசா முந்தானையை முறுக்கினாள். "மகாபலிபுரம் போலாம்னு நான் தலபாடா அடிச்சிக்கினேனே!"

அழகேசன் நிமிர்ந்தார். ஒரு வாரமாக அவள் கடல், கடல் என்று நச்சரித்தது எதற்கென்று இப்போது உறைத்தது.

"அப்போ உனக்கும் தெரியும்."

"கூடப் பொறந்தவன். நான் இன்னா பண்றது?"

"நான் மட்டும் யாரு, எதிர் ஊட்டுக்காரனா?"

அழகேசன் கல்லை உதைத்துத் தள்ளிவிட்டு ஏறினார். வண்டியை மெல்லத் திருப்பி, இறக்கத்தைப் பார்த்து நிறுத்தினார். சரசா வந்து முன்கதவைத் திறந்தாள்.

"பின்னால போய்க் குந்து" என்றார் அழகேசன்.