நூல் பிடித்த காய்ச்சல்

பன்னிரண்டு நாளாக ஆஸ்பத்திரி முக்காலியில் உட்கார்ந்து அவளுக்கு முதுகு மரத்துப் போயிருந்தது. கட்டிலில் கிடந்த புருஷனைத் திட்டவும் தெம்பில்லை. டைல்ஸ் ஒட்டுகிறவர். தரையின் சாய்வைக் கண்ணாலேயே பிடித்துவிடுவார் என்பதால் கூட வேலை செய்கிறவர்கள் மட்டம் பார்க்கிற கருவியின் பேரிலேயே 'ரசமட்டம்' என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பேர்ப்பட்ட கெட்டிக்காரர் இடுப்பு வலிக்கு வருஷக்கணக்காக வெறும் வயிற்றில் மாத்திரை போட்டார். குடலில் புண் வந்து, புண் ஓட்டையாகி, ஆபரேஷன் மேசையில் போய்ப் படுத்தார்.

ஓட்டையை அடைத்தாயிற்று. "ரெண்டு நாள் காய்ச்சல் இல்லாம இருந்தா வீட்டுக்குப் போகலாம்" என்று டாக்டர் சொன்னதுதான் வினையாகப் போயிற்று.

"அந்த இடுப்பு வலி மாத்திரை உன் பையில இருக்குல்ல? அது காய்ச்சலையும் அமுக்கிடும். நர்ஸம்மா காய்ச்சல் பார்க்க வர்றதுக்கு முன்னாடி ஒண்ணு குடு" என்றார் புருஷன்.

"அந்தப் பாழாப்போன மாத்திரைதானே உங்களை இங்க கொண்டாந்து போட்டுச்சு?"

கேட்டுவிட்டுக் கொடுத்தாள். வீட்டுக்குப் போய்க் காலை நீட்டிப் படுத்தால் போதும் என்று அவளுக்கும் இருந்தது.

வேளைக்கு ஒன்றாகக் கொடுத்தாள். கட்டிலடியில் தொங்கிய தாளில் காய்ச்சல் கோடு நூல் பிடித்த மாதிரி ஓடியது. விக்கல் மட்டும் நிற்கவில்லை. "யாருங்க உங்களை இப்படி விடாம நினைக்கிறது?" என்று முதலில் கிண்டல்கூடச் செய்தாள். வலது தோள் வலிக்கிறது என்றார். படுத்த வாக்கில் பிடித்திருக்கும் என்று விட்டுவிட்டாள். இரண்டாம் நாள் மத்தியானம் கட்டிலே ஆடுகிற மாதிரி நடுக்கம் வந்தது. "யார்கிட்டயும் சொல்லித் தொலைக்காதே" என்றார் பல் தந்தியடிக்க.

சாயங்காலம் நர்ஸ் தாளைப் பார்த்துச் சிரித்தாள். "காய்ச்சலே இல்லம்மா. நாளைக்குக் காலையில கிளம்பலாம்."

அவர் கண்ணாலேயே கெஞ்சினார். மத்தியானம் கட்டில் ஆடியது அவளுக்கு நினைவுக்கு வந்தது. இந்த மனுஷனை வீட்டுக்குக் கூட்டிப் போய்ச் சாகவா கொடுப்பது? பையைத் திறந்து மாத்திரைகளை நர்ஸ் கையில் வைத்தாள்.

"நான்தான் குடுத்தேன். அந்தக் கோடு பொய்."

நர்ஸ் வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள். டாக்டர் வந்தார், ஸ்கேன் எடுத்தார்கள். முன்பு ஓட்டை வழியாகக் கசிந்தது கல்லீரலுக்கு மேலே தேங்கிச் சீழ் கட்டியிருந்தது. விக்கலும் தோள்வலியும் அதனால்தானாம். "வீட்டுக்குப் போயிருந்தா திரும்பி வந்திருக்க மாட்டார்" என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொன்னார். விலாவில் குழாய் செருகியதும் சீழ் பை நிறைய இறங்கியது. அந்த நாற்றத்தில் அவள் மூக்கைக்கூட மூடவில்லை.

மறுநாள் காலை காய்ச்சல் நூற்றியொன்று. ரசமட்டம் நர்ஸிடம் தாளைக் கேட்டு வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"அந்தப் பொய்ப் புள்ளியை எல்லாம் அடிச்சிடுங்கம்மா. எவனாவது எனக்கு இப்படி மட்டம் காட்டியிருந்தா, தரையையே பேர்த்து எறிஞ்சிருப்பேன்."

அப்புறம் மனைவி பக்கம் திரும்பினார். "நல்லவேளை, நீ சொல்லிட்டே."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இன்னும் எத்தனை நாளோ. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.