கொட்டாங்குச்சி நெருப்பு

2008 ஜூலை. பிசைந்து வைத்த மாவு தட்டுகளில் உப்பத் தொடங்கியிருந்த நேரத்தில் ஆனந்த்ராஜ் வெறும் கேனோடு திரும்பி வந்தான். நத்தம் ரோட்டில் ஒரு பெட்ரோல் பங்கிலும் டீசல் இல்லை. மத்தியானத்துக்குள் சர்ச் திருவிழாவுக்கு பன் போயாக வேண்டும். அவனும் மனைவி ஜெஸ்ஸியும் பேக்கரி தொடங்கிய பிறகு கிடைத்த முதல் பெரிய ஆர்டர்.

கடை டிவியில் ஈரான் ஏவுகணை விட்டுப் பார்த்த செய்தி ஓடிக்கொண்டிருந்தது. சண்டை மூண்டால் எண்ணெய்க் கப்பல்கள் வராது, விலை எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது என்றார்கள்.

"எங்கிட்டோ ஒருத்தன் ராக்கெட் விடுறான், இங்க நம்ம ஓவன் அணையுது. இனிமே டீசல் கெடைக்கிறப்பவே பேரல் பேரலா வாங்கி வச்சிறணும் ஜெஸ்ஸி."

"வாங்கி வச்ச பெறகு வெல எறங்குச்சுன்னா?"

ஜெஸ்ஸி கொல்லைப் பக்கம் பார்த்தாள். முன்பு கடை நடத்தியவர் விட்டுப்போன செங்கல் அடுப்பு அங்கே கிடந்தது. பக்கத்துத் தோப்பில் கொட்டாங்குச்சி மலையாகக் குவிந்திருந்தது. அதைப் போட்டு இந்த அடுப்பை எரிக்கலாம் என்று அவள் சொன்னபோதெல்லாம் அவன் சிரித்திருக்கிறான். இன்று அவளே கூடையை எடுத்துக்கொண்டு நடந்தாள். திருவிழா ராட்டினத்தில் ஏறப் போகிறவள் போல நடையில் ஒரு துள்ளல்.

தீ சடசடவென்று பிடித்தது. அடுப்புச் சுவர் சூடேறியதும் பன் மாஸ்டர் அக்பர் அலி நெருப்புக் கங்குகளை வெளியே இழுத்துவிட்டு முதல் தட்டைத் தள்ளினார். செத்த நேரத்தில் கருகல் வாடை. அடிப்பக்கம் கரி.

"சூடு தாங்கலம்மா. கொட்டாங்குச்சி இம்புட்டு வேகமா எரியும்னு நெனைக்கல."

"ஈரச் சாக்கால அடுப்புத் தரையத் தொடைச்சுப் பாப்போமா பாய்?"

சாக்கு பட்டதும் ஆவி சீறியது. அடுத்த தட்டு உள்ளே போனது. மூவரும் அடுப்பு வாயையே பார்த்து நின்றார்கள். தட்டு வெளியே வந்தபோது பன்கள் தேன் நிறத்தில் பளபளத்தன. ஜெஸ்ஸி ஒன்றைப் பிய்த்தாள்; விரல் சுட்டது, சிரித்தாள்.

"அப்ப டீசல் ஓவன வித்துறலாமா?" என்றான் ஆனந்த்ராஜ்.

"எதுக்கு? ரெண்டும் இருக்கட்டும். எது மலிவோ அதுல சுடுவோம்."

கடைசித் தட்டு சர்ச்சிலிருந்து வந்த வேனில் ஏறியது. ஆனந்த்ராஜ் கொல்லையில் குனிந்து, செங்கல் அடுப்புக்குக் கூரை போட எம்புட்டு இடம் வேண்டும் என்று சாம்பலில் குச்சியால் கோடு இழுத்தான். மலைக்காற்று வந்து அதைக் கலைத்தது. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய், அகலமாக இழுத்தான்.