ஜில்லு போகும் வரை

இல்லை என்றுதான் சொன்னேன், அதில் பொய் எங்கே வந்தது… வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா, காய்ச்சல் கீய்ச்சல் உண்டா என்று சிஸ்டர் கேட்டாள், இல்லை சிஸ்டர் என்றேன், அவளும் சரி என்று தலையை ஆட்டிவிட்டுத் தெர்மகோல் பெட்டியைத் திறந்து ஊசியை எடுத்துத் தட்டில் வைத்தாள், இப்பவே போட்டா எரியும்மா, ஜில்லு போவட்டும், அரை மணி அப்டியே ஒக்காருங்க என்று சொல்லிவிட்டுத் திரையைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். நான் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. வந்திருப்பது ஆத்தா. ஆத்தா வந்திருப்பதைப் போய் உடம்பு சரியில்லை என்று யாராவது சொல்வார்களா, நாக்கு அழுகிப் போகாதா… மாடியில் கொழுந்தன் மகள் சுவேதா முகமெல்லாம் முத்து முத்தாக வேப்பிலைப் படுக்கையில் கிடக்கிறாள், அது ஆத்தா அவள் மேல் இறங்கி விளையாடுகிற விளையாட்டு, நோயில்லை, அப்படித்தானே சொல்லி வளர்த்தார்கள். அப்புறம் சிஸ்டர் கேட்டபோது ஏன் அவள் முகத்தைப் பார்க்காமல் பெட்டியையே பார்த்துக்கொண்டு பதில் சொன்னேன்.

ஊசி என்று பேர், பார்த்தால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருக்கிற தடித்த பேனா மாதிரி இருக்கிறது. பயாலஜிக் ஊசி. இதன் பேரைச் சரியாகச் சொல்லவே எனக்கு ஒரு மாதம் ஆயிற்று, என் வீட்டுக்காரர் தமிழ்வாணன் இன்னும் அந்தப் பெரிய ஊசி என்றுதான் சொல்கிறார். இதற்குள் இருக்கிற இத்தனூண்டு மருந்துக்காகத்தான் இவ்வளவு தவம். போன தடவை வந்தபோது சளி கட்டியிருக்கிறது, ஆறட்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். அதற்கு முந்தின தடவை நெஞ்சில் டிபி எங்கேயோ ஒளிந்துகொண்டிருக்கிறது என்று ரத்தத்தைப் பார்த்துச் சொல்லி, அதற்கு ஒரு மாத்திரை, மூத்திரமெல்லாம் சிவப்பாகப் போனது, அதையும் விழுங்கி முடித்தேன். கைக்கு எட்டினது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள், எனக்குக் கைக்கே எட்டமாட்டேன் என்கிறது. அந்தக் கையும் கையாகவா இருக்கிறது… காலையில் எழுந்தால் விரல் ஒன்றும் மடங்காது, வெந்நீரில் முக்கி வைத்துக்கொண்டு உட்கார வேண்டும், பல் தேய்க்கிற பிரஷ்ஷை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு தலையை ஆட்ட வேண்டும், பால் கவரை வாயால் கடித்துக் கிழிக்க வேண்டும். ஜாக்கெட் கொக்கியை அவர்தான் போட்டுவிடுகிறார், மண்ணூர்பேட்டையில் லேத்து ஓட்டுகிற மனுஷன், நட்டு போட்ற கையிடி இது, கொக்கி போட வெச்சிட்டியே என்று சிரித்துக்கொண்டே சொல்வார், நான் சிரிக்கமாட்டேன். அப்போதெல்லாம் தொழிற்பேட்டை எஸ்டேட்டில், துணி தைக்கிற எக்ஸ்போர்ட் கம்பெனியில், ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தால் எனக்கு முன்னால் எவளும் பண்டல் முடிக்க மாட்டாள். இப்போது கீழே விழுந்த குண்டூசியை எடுக்கச் சொன்னால் அழுகைதான் வரும்.

டாக்டர் நல்ல மாதிரி. மூட்டையெல்லாம் முடக்கிப்போடுகிற இந்தச் சரவாங்கி என்ன என்று முதல் நாளே பொறுமையாகச் சொன்னார், உங்க வீட்டு நாயே உங்களைக் கடிக்குதும்மா, இந்த ஊசி அந்த நாயைக் கட்டிப் போடும், ஆனா கட்டிப் போட்டா திருடன் வந்தாலும் குரைக்காது, அதனால ஜாக்கிரதையா இருக்கணும் என்றார். சின்ன வயசுல அம்மை வந்திருக்கா என்றும் கேட்டார். நான் சிரித்தேன், திருவேற்காட்டுக்காரி சார் நானு, ஆத்தா என்னை வுட்டுருப்பாளா என்றேன். அவரும் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார். எதற்குக் கேட்கிறார் என்று அப்போது யோசிக்கவில்லை… யோசிக்கவில்லையா, யோசிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேனா.

ஞாயிற்றுக்கிழமை குழந்தை முதுகில் ஒரு கொப்புளம், திங்கட்கிழமை கன்னம், கழுத்து, வயிறு. பங்குனி வெயிலுக்கு வருவதுதானே. அயனம்பாக்கத்தில் எங்கள் தெருவிலேயே மூன்று வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்து தொங்குகிறது. மாமியார் இருந்தவரை இதெல்லாம் அவள் பாடு, போன வருஷம் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள், இப்போது வீட்டுக்கு மூத்தவள் நான். என் ஓர்ப்படி, சுவேதாவின் அம்மா மோகனப்பிரியாவுக்கு எம்.காம் படிப்பு இருக்கிறதே தவிர, வேப்பிலையோடு எவ்வளவு மஞ்சள் சேர்ப்பது என்று கேட்டால் விழிப்பாள். தாளிக்கக் கூடாது, சட்டியில் கடுகு வெடிக்கக் கூடாது, கறி மீன் கூடாது, தலை சீவக் கூடாது, வந்தவர்கள் கிளம்பும்போது போய்ட்டு வரேன் என்று சொல்லக் கூடாது, எல்லாவற்றையும் நான்தான் சொன்னேன். அம்மியில் அரைக்க முடியவில்லை, குழவி பிடிபடவில்லை, மிக்ஸியில் போட்டு அரைத்தேன், அவள் முகம் சுருங்கிற்று, சுருங்கினால் சுருங்கட்டும். இன்று காலையில் செருப்பைப் போடும்போது மாடிப்படியில் நின்றுகொண்டு சொல்கிறாள், இன்னாக்கா, ஆத்தா கீற ஊட்லர்ந்து ஊசி போட்டுக்கப் போறியே, புள்ளைக்குத் தண்ணி ஊத்தினதுக்கு அப்பால போவக்கூடாதா. எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. ஆத்தா மேல கீறாடி, நான் கீழ கீறேன், அவளுக்கு இன்னா போச்சு என்று கேட்டுவிட்டு வந்தேன். அவர் வண்டியை உதைத்துக்கொண்டே கம்முனு வாடி என்றார், இங்கே இறக்கிவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டார்.

ஆனால் அந்தக் குழந்தை… எங்களுக்குப் பிள்ளை இல்லை, அதைப் பற்றி அழுது தீர்த்தாகிவிட்டது, இந்த ஒன்று மட்டும் பிறந்ததிலிருந்து பெரிம்மா பெரிம்மா என்று காலைச் சுற்றிக்கொண்டே கிடந்தது. கை இப்படி ஆனபிறகு தூக்கவில்லை, பின்னல் போடவில்லை, சோற்றைப் பிசைந்து ஊட்டக்கூட முடியவில்லை, பிசைந்தால் விரல் தெறிக்கும். இந்த நாலைந்து நாளாகத்தான் மறுபடியும் நான் வேண்டியிருக்கிறது அவளுக்கு. அரிப்பு தாங்காமல் அழுகிறாள், மோகனா வேப்பிலையால் தடவினால் நீ கீறுற, போ என்று தள்ளுகிறாள், நான் தடவினால் சும்மா கிடக்கிறாள். பிடி இல்லாத கை, அழுத்தத் தெரியாது, கொத்தை விரலிடுக்கில் செருகிக்கொண்டு மேலே மேலே இழுப்பேன், அவ்வளவுதான். உன் கையிதான் பெரிம்மா மெத்துனு கீது என்றாள். எத்தனை வருஷத்துக்கு அப்புறம் இந்தக் கையைப் பற்றி ஒருத்தர் நல்லதாகச் சொன்னது. அன்றைக்கு எனக்கு ஊசியும் ஞாபகம் இல்லை, டாக்டரும் ஞாபகம் இல்லை.

பக்கத்து நாற்காலியில் நிஜாமுதீன் பாய் வந்து உட்கார்ந்தார், பூந்தமல்லிக்காரர், போன தடவை வந்தபோதே பழக்கம், இதே ஊசியை ஒரு வருஷத்துக்கு மேலாகப் போட்டுக்கொண்டிருக்கிறார். ஒத்துக்கிச்சா பாய் என்று பேச்சுக்குத்தான் கேட்டேன். சட்டைப் பட்டனை ஒரு கையால் கழற்றி ஒரு கையால் போட்டுக் காட்டினார், எனக்குப் பொறாமை பற்றிக்கொண்டு வந்தது. நடுவுல ஒரு தபாதாம்மா நின்னுபோச்சு என்றார், மவ புள்ளைக்கு அம்மை போட்டிருச்சு, டாக்டரு இன்னா சொன்னாரு தெர்மா, பாய், அந்தக் கொப்புளம் காஞ்சு உதுர்ற வரைக்கும் ஊசிப் பக்கமே வராதீங்கன்னுட்டாரு, எனக்குச் சின்ன வயசுலயே வந்து போன அம்மைதான், அதுக்கே அவ்ளோ பயம், வராதவங்களுக்கு இந்த ஊசி போட்ட நேரத்துல வந்துச்சுனா நுரையீரல்ல ஏறிக்கும், ஆளையே தூக்கிரும்னாரு. அம்மை, கொப்புளம் என்று காய்கறி பேர் சொல்வது மாதிரி சொல்லிக்கொண்டே போகிறார். தட்டைப் பார்த்தேன், ஊசி மேல் பூத்திருந்த நீர்த்திவலை பாதி காய்ந்துவிட்டது. மோகனா சொன்னதும் இதுதானே… ஆத்தாளும் டாக்டரும் ஒன்று சேர்ந்து ஒரே பேச்சு பேசி நான் பார்த்ததில்லை, எனக்கென்று வரும்போதுதான் சேர வேண்டுமா.

பொறு, எனக்குத்தான் சின்ன வயதிலேயே வந்திருக்குமே, திருவேற்காட்டில் வராத பிள்ளை உண்டா… உண்டா? எனக்கு வேப்பிலைப் படுக்கை ஞாபகம் இருக்கிறதா? அண்ணன் படுத்திருந்தது தெரிகிறது, வாசல் கொத்து தெரிகிறது, நான் எங்கே இருந்தேன். போனை மணிக்கட்டால் அணைத்துப் பிடித்துக்கொண்டு ஆவடியில் இருக்கிற அண்ணன் கோதண்டத்துக்குப் போட்டேன். இன்னா ஜீவா, ஊசி போட்டாச்சா என்றார். அண்ணே, எனக்குச் சின்ன வயசுல ஆத்தா வந்துச்சா என்றேன். எனக்குத்தாம்மா வந்துச்சு, உனுக்கு எங்க, உன்னைத்தான் அன்னிக்கே சைக்கிள்ள வெச்சுக் கொண்டுபோய்ச் சென்னீர்குப்பத்துல சின்னம்மா ஊட்ல வுட்டுட்டாங்களே, ஒரு மாசம் அங்கதான கீந்த, குண்டாயி வந்த என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அது லீவு இல்லையா… அந்த ஒரு மாதத்தை என் வாழ்க்கையிலேயே நல்ல காலம் என்று இத்தனை வருஷமாக வைத்திருக்கிறேன், ஹைவே ஓரத்தில் நின்று பெங்களூர் போகிற லாரியை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது, சின்னம்மா பரோட்டா வாங்கித் தந்தது, எனக்கு மட்டும் என்ன அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டது. கிளம்பும்போது அம்மா வாசலைத் தாண்டி வரவில்லை, கட்டிக்கொள்ளவில்லை, கையில் வேப்பிலையோடு உள்ளேயே நின்று போ போ என்றாள். ஆத்தா வீடு தேடி வருவது கொடுப்பினை என்று வாய் ஓயாமல் சொன்னவள்… அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கும்பிட்டுக்கொண்டே பயந்திருக்கிறாள், பயத்தை வெளியே சொல்லாமல் என்னை மட்டும் சைக்கிளில் ஏற்றியிருக்கிறாள்.

எனக்கு வரவே இல்லை. நாலு நாளாக அந்தக் குழந்தையின் மூச்சு என் முகத்தில் படுகிற தூரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். சொல்லாமல் விட்டால் என்ன ஆகும், இத்தனை பேருக்கு ஆகிறது மாதிரி எனக்கும் ஒன்றும் ஆகாமல் போகலாம், அடுத்த மாதம் பாய் மாதிரி நானும் கொக்கியை நானே போட்டுக்கொள்ளலாம். சொன்னால் பெட்டியை மூடிவிடுவார்கள். மூன்றாவது தடவை. என் வீட்டுக்காரர் நாளைக் காலையிலும் கொக்கி போட என் பின்னால் வந்து நிற்பார். செத்துப்போனால்தான் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது, கை நல்லாகிச் செத்தால் பரவாயில்லை என்று அதற்குப் பின்னாலேயே இன்னொன்று, எனக்கே என் மேல் கோபம் வந்தது.

சிஸ்டர் கையுறையை மாட்டிக்கொண்டு வந்தாள், ஊசியைத் தொட்டுப் பார்த்தாள், ஆங், ஜில்லு போச்சு, தொடையில போட்டுக்கலாமா, வயித்துல போட்டுக்கலாமா என்றாள். பஞ்சில் ஸ்பிரிட் நனைத்தாள், வாசனை வந்தது. சிஸ்டர், என்றேன், எங்க ஊட்ல ஒரு புள்ளைக்கு அம்மை போட்டுக்கீது. அம்மை என்று சொன்னேன். ஆத்தா என்று வரவில்லை, மன்னிச்சிக்கோ தாயே என்று உள்ளுக்குள் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அவள் பஞ்சைக் கீழே வைத்தாள். இன்னாம்மா நீங்க, அப்பவே கேட்டேன்ல, ஒங்களுக்கு முன்ன வந்துருக்கா என்றாள், வரல என்றேன். அந்தப் புள்ளைய நீங்க தொட்டீங்களா, கிட்டப் போனீங்களா. இல்லை என்று ஒரு சொல் நாக்கு நுனியில் நின்றது, இந்தத் தடவை அது முழுப் பொய், ஆனால் அதைச் சொன்னால் ஒருவேளை… நான்தான் சிஸ்டர் ராவெல்லாம் தடவி வுடுறேன், நான் தடவுனாதான் தூங்குது என்றேன். கேட்டால் யாரோ பெருமை பேசுகிற மாதிரி இருந்தது. அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். இருங்க, டாக்டரைக் கேட்டுக்கினு வரேன், ரத்தம் எடுத்துப் பாக்கணும், இப்பத்திக்கு ஊசி கெடையாது, அந்தப் புள்ள கிட்ட இனிமே போவவே போவாதீங்க என்று சொல்லித் தட்டோடு ஊசியையும் எடுத்துக்கொண்டு போனாள்.

பாய் முழங்காலைத் தடவிக்கொண்டே தரையைப் பார்த்தார். ஊசி போகும் என்று தெரிந்துதான் சொன்னேன், அதற்கு மனசைத் தயார் பண்ணிக்கொண்டுதான் வாயைத் திறந்தேன், குழந்தையும் சேர்ந்து போகும் என்று ஏன் எனக்குத் தோன்றவில்லை. இன்று ராத்திரி பெரிம்மா வா என்று மாடியிலிருந்து கூப்பிடுவாளே… நான் கீழே படுத்துக்கொண்டு கேட்க வேண்டும். சைக்கிளில் வைத்து அனுப்பினால் லீவு என்று நினைத்துக்கொள்ள அவளுக்குச் சென்னீர்குப்பமும் இல்லை. குழந்தையிடம் என்ன சொல்லச் சொல்வது மோகனாவிடம். உன்னால்தான் என்று சொல்ல முடியாது, ஆத்தா மேல் பழி போடவும் முடியாது. பெரிம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லச் சொல்லலாம். அது பொய்யும் இல்லை. வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று அந்த சிஸ்டர் கேட்டபோது யாருக்கும் இல்லை என்றேனே, அந்த வீட்டில் நானும்தானே இருக்கிறேன்.