பேர் சொல்லும் நாள்

அந்த வருடம் கோடை மழை முந்திக்கொண்டது. மறுவாரமே மலைச்சரிவு முழுவதும் காப்பிச் செடிகள் வெள்ளையாகப் பூத்தன. வாசனை வகுப்பறைக்குள் வந்து தங்கிவிட்டது. ஜன்னலைச் சாத்தினாலும் போகவில்லை. பத்தாம் வகுப்பு ஆசிரியை செல்வமேரிக்குக் காலையிலிருந்தே தலை கனத்தது.

காலை வழிபாடு முடிந்ததும் தலைமை ஆசிரியை தேவகுமாரி மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

"பத்தாம் வகுப்பு மட்டும் கவனிங்க. லைப்ரரி புத்தகம் வெச்சிருக்கறவங்க நாளைக்குள்ள குடுத்துடணும். ஹால் டிக்கெட் திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை குரூப் போட்டோ. தாவணி கட்டலாம், பூ வைக்கலாம். பவுடரை அப்பிட்டு வராதீங்க. போன வருசப் போட்டோவுல பாதிப் பேரு பேய் மாதிரி இருக்காங்க."

வரிசை குலுங்கிச் சிரித்தது. அவர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

"அன்னிக்கு மத்தியானம் பேர் சொல்றோம்."

சிரிப்பு நின்று, பிள்ளைகள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

மற்றப் பள்ளிகளில் பிரிவு விழா என்றால் பாட்டும் பலகாரமும். இங்கே பேர் சொல்வதுதான் விழா. மைதானத்து ஓரத்தில் நிற்கும் சில்வர் ஓக் மரத்தின் உச்சியில், பள்ளத்தாக்கைப் பார்த்து ஒலிபெருக்கியைக் கட்டுவார்கள். தேர்வு எழுதப்போகும் ஒவ்வொரு பெண்ணின் பெயரையும் ஊரையும் தலைமை ஆசிரியை நிறுத்தி நிதானமாகச் சொல்வார். சொல்லச் சொல்ல ஒவ்வொருத்தியாக மேடையேறி மெழுகுவர்த்தி வாங்கிக்கொள்வாள். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வரமுடியாத பெற்றோருக்காக எப்போதோ ஒரு தலைமை ஆசிரியை தொடங்கிவைத்தது அது. எஸ்டேட்டுகளில் மிளகு பறிப்பவர்கள் ஏணியிலேயே நின்று கேட்பார்கள். தன் பிள்ளையின் பெயர் வந்ததும் ஒரு தாய் கூடையைக் கீழே வைத்துக் கும்பிடுவாளாம். காற்று அந்தப் பக்கம் அடித்தால் தொலைவிலுள்ள வெள்ளக்கடை ஊர் வரை கேட்கும் என்பார்கள்.

பிள்ளைகளுக்குள் ஒரு நம்பிக்கையும் இருந்தது. பேர் விட்டுப்போனால் தேர்விலும் விட்டுப்போகும். செல்வமேரி அதைக் கேட்டிருக்கிறாள். பிள்ளைகளின் விளையாட்டுப் பேச்சு என்று எண்ணி மறந்திருந்தாள்.

வழிபாடு கலைந்ததும் அவள் தலைமை ஆசிரியையின் அறைக்குப் போனாள்.

"மேடம், பூங்காவனம் பேரு?"

"சொல்லலை. அதுக்கு முந்தின பேரு முடிஞ்சதும் அடுத்ததுக்குப் போயிடறேன்."

"பிள்ளைங்ககிட்டச் சொல்லி வெச்சிரலாமா?"

தேவகுமாரி கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

"எத்தனை பேருக்குத் தெரியுதோ அத்தனை வாய் மேரி. டைபாய்டு, சேலத்துல ஆஸ்பத்திரியில இருக்கான்னு நம்பிட்டிருக்காங்க. அப்படியே இருக்கட்டும்."

பூங்காவனம் ஆஸ்பத்திரியில் இல்லை. பள்ளி வளாகத்துக்குள்ளேயே பின்பக்கம் இருந்த செல்வமேரியின் வீட்டில், சமையலறையை ஒட்டிய அறையில் இருந்தாள். பொங்கல் கழிந்த ஒரு விடியற்காலையில் அவளுடைய அம்மா வள்ளி கொண்டுவந்து விட்டுப்போனாள். செம்மநத்தத்தில் அவர்கள் வீடு வள்ளியின் தம்பி செங்கோடனின் பொறுப்பில் இருந்தது. அப்பன் செத்தபிறகு அரிசி வாங்கிப்போட்டது அவன். பூங்காவனம் வயதுக்கு வந்த நாளிலிருந்து அவள் தனக்குத்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தவனும் அவன்தான். தை மாதம் தாலி என்று நாள் குறித்தான். அவள் நர்ஸ் படிக்கவேண்டும் என்றாள். அன்று அவன் அடிக்கவில்லை. அரிவாளைத் தீட்டிக்கொண்டே சொன்னான்: "கழுத்துல தாலி ஏறோணும். இல்லீன்னா மேல மண்ணு ஏறோணும். ரெண்டுல ஒண்ணு."

மகள் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ஓடிப்போய்விட்டாள் என்று வள்ளி ஊருக்குச் சொன்னாள். செங்கோடன் திருப்பூரில் தெருத் தெருவாகத் தேடினான். ஒருமுறை பள்ளிக்கும் வந்து கேட்டான். படிப்பை நிறுத்திவிட்டாள் என்று தேவகுமாரி சொன்னார். அவர் அவ்வளவு நேராகப் பொய் சொல்வதைச் செல்வமேரி அன்றுதான் பார்த்தாள். போலீசுக்குப் போகலாம் என்றபோது வள்ளி அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். "கூடப் பொறந்தவனுங்க. ஸ்டேசனுக்கு மட்டும் போயிராதீங்க சாமி. எம்புள்ள பரிச்சை எழுதற வரைக்கும் மறைச்சு வெச்சாப் போதும். அப்பறம் சேலத்துல நர்சு பள்ளியோடத்துல சேத்தி உட்டுருங்க."

தேர்வு முடியும்வரை அவன் கண்ணில் படக்கூடாது. வேண்டியது அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை மதியம் பனி இறங்கவில்லை. வானம் கழுவிவிட்டதுபோல இருந்தது. எதிர்மலையில் நடக்கும் ஆள்கூடத் தெரிந்தான். காற்று வெள்ளக்கடைப் பக்கம் அடித்தது.

தாவணியில் பிள்ளைகள் அடையாளம் தெரியாமல் வளர்ந்திருந்தார்கள். "ஏ புள்ள, ஊக்கு குத்திக்கோ, மேடையில அவுந்தா ஊரே சிரிக்கும்" என்று ஒருத்தி இன்னொருத்தியைச் சீண்டினாள். பூங்காவனத்தின் பக்கத்தில் மூன்று வருடம் உட்கார்ந்திருந்த அற்புதம் மட்டும் பேசாமல் இருந்தாள். குரூப் போட்டோ எடுத்தபோது தன் பக்கத்தில் ஓர் ஆள் நிற்குமளவு இடம் விட்டே நின்றாள். போட்டோக்காரர் எத்தனை முறை நெருங்கி நிற்கச் சொல்லியும் அவள் நகரவில்லை.

பேர்கள் தொடங்கின. ஒவ்வொரு பெயரும் ஒலிபெருக்கியிலிருந்து கிளம்பிப் பள்ளத்தாக்கைச் சுற்றிவிட்டு மெலிந்து திரும்பியது. எங்கோ கீழே ஒரு பெண் குலவையிட்டாள். மெழுகுவர்த்திகள் கூடிக்கொண்டே வந்தன.

"மீனாட்சி, நாகலூர்."

மீனாட்சி வாங்கிக்கொண்டு இறங்கினாள்.

"மரகதம், ஏற்காடு டவுன்."

செல்வமேரி மூச்சை விட்டாள். பூங்காவனத்தின் பேரைத் தாண்டியாயிற்று.

மரகதம் எழுந்திருக்கவில்லை. அவளைப் பக்கத்தில் இருந்த அற்புதம் பிடித்து உட்காரவைத்திருந்தாள்.

"மேடம், ஒரு பேரு உட்டுட்டீங்க" என்றாள் அற்புதம்.

"உக்காரு அற்புதம்."

"அவளுக்கு ஒடம்புதான் மேடம் செரியில்லை. பரிச்சைக்கு வந்துருவா. பேர் உட்டா ஃபெயிலாயிருவா மேடம்."

தேவகுமாரி மைக்கைக் கையால் மூடினார். அவர் மூடியது அந்த ஒரு மைக்கை மட்டும்தான். மேடை ஓரத்தில் மேளக்காரர்களுக்கென்று வைத்திருந்த இன்னொரு மைக்கை யாரும் அணைத்திருக்கவில்லை. அற்புதம் ஓடிப்போய் அதைப் பிடித்தாள். அவள் பின்னால் வகுப்பு மொத்தமும் எழுந்தது. காய்ச்சலில் கிடக்கும் தோழிக்காக, அவள் தோற்றுவிடக்கூடாது என்பதற்காக, அத்தனை பேரும் ஒரே குரலில் கூவினார்கள்.

"பூங்காவனம்! செம்மநத்தம்!"

பெயர் மலையில் மோதியது. திரும்பி வந்தது. இன்னொரு முறை, இன்னும் தூரத்திலிருந்து, யாரோ திருப்பிச் சொல்வதுபோல வந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அற்புதம் மெழுகுவர்த்தி ஒன்றை எடுத்துத் தோழியின் இடத்தில் ஏற்றிவைத்துவிட்டு, பெருமையோடு செல்வமேரியைப் பார்த்தாள்.

செல்வமேரியால் அவளைத் திரும்பிப் பார்க்க முடிந்தது. வேறெதுவும் செய்ய முடியவில்லை. தேவகுமாரி கையை மைக்கிலிருந்து எடுத்தார். அடுத்த பெயரைச் சொன்னார். அதற்கடுத்ததையும் சொன்னார். குரல் நடுங்கவில்லை.

கடைசிப் பெயருக்கு முன்பே வள்ளி வந்துவிட்டாள். கீழ் எஸ்டேட்டிலிருந்து காப்பிக்காட்டுக்குள் குறுக்கே ஏறி வந்திருந்தாள். இடுப்பில் கட்டிய சாக்கு அவிழ்க்கப்படவில்லை. தலையெல்லாம் வெள்ளைப் பூ.

"ஏனுங்க டீச்சர், ஏனுங்க பேரைச் சொன்னீங்க?"

வள்ளி வெள்ளக்கடைப் பக்கம் கையைக் காட்டினாள்.

"மரம் வெட்ற எடத்துல இருந்தானுங்க. காத்து அங்கதான் அடிக்குது."

அப்போது மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. வளைவில் மறைந்து, மறுபடி கேட்டு, மறுபடி மறைந்தது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பெரிதாகக் கேட்டது. வள்ளி செல்வமேரியின் கையைப் பற்றிக்கொண்டாள். இருவரும் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றார்கள். வாசலில் வந்து அது நின்றது.

செங்கோடன் கத்தவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பை மைதானத்து ஓரத்தில் விட்டுவிட்டு வந்தான். பெற்றோர்களுக்குப் போட்டிருந்த பெஞ்சில் கடைசியில் உட்கார்ந்தான். லட்டும் மிக்சரும் வைத்த தட்டைப் பிள்ளைகள் நீட்டியபோது வாங்கிக்கொண்டு, "நல்லா எழுதோணும் கண்ணு" என்றான். ஒரு துணுக்குக்கூட மிச்சம் வைக்காமல் தின்றான். அக்காளை ஒருமுறை பார்த்தான். எல்லோரும் கலைந்தபிறகு எழுந்து வந்தான்.

"கும்புடறனுங்க. டைபாய்டுன்னு புள்ளைங்க சொல்லுதுங்க. இப்பத் தேவலாமுங்களா?"

தேவகுமாரி நேராக அவனைப் பார்த்தார். "அவ எங்க பொறுப்புல இருக்கா. படிச்சுட்டிருக்கா. நீங்க போகலாம்."

"படிக்கட்டுமுங்க. பாத்தீங்களா, திருப்பூர்ல நாயா அலைஞ்சேன். எங்கக்கா நொம்ப சாமர்த்தியமுங்க." அவன் உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருப்பதுபோலத் தெரிந்தது. "நான் உள்ள வர மாட்டனுங்க. பொம்பளைப் புள்ளைங்க படிக்கற எடம். பரிச்சை நல்லா எழுதட்டும். எழுதி முடிச்சா வெளிய வந்துதானுங்களே ஆவோணும்?"

செருப்பைப் போட்டுக்கொண்டு போனான்.

செல்வமேரி வீட்டுக்குப் போனபோது பூங்காவனம் இருட்டில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். விளக்கைப் போட்டதும் நிமிர்ந்தாள்.

"எம்பேரைச் சொன்னாங்களே டீச்சர். நான் கேட்டேன்." அவள் முகத்தில் முதலில் சிரிப்புதான் இருந்தது. பிறகுதான் அவளும் அந்த மோட்டார் சைக்கிளைக் கேட்டிருக்கிறாள் என்பது செல்வமேரிக்குத் தெரிந்தது.

தேர்வு தொடங்கிய நாளிலிருந்து அவன் வந்தான். வாசலுக்கு எதிரே, சாலையின் அந்தப் பக்கம், வண்டியை நிறுத்தி அதன்மேல் உட்கார்ந்திருப்பான். யாரோடும் பேசமாட்டான். வாட்ச்மேன் கந்தசாமி ஒருமுறை போய்ப் பேச்சுக்கொடுத்தார். திரும்பி வந்து, "பீடி குடுத்தானுங்க, வேண்டாம்னுட்டேன்" என்று மட்டும் சொன்னார். பூங்காவனம் பின்வழியாகவே தேர்வறைக்கு வந்து பின்வழியாகவே திரும்பினாள். இரவில் செல்வமேரி விழித்தபோதெல்லாம் அவள் படித்துக்கொண்டிருந்தாள். அற்புதத்துக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அதன்பின் அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கடைசித் தேர்வு நாளில் தேவகுமாரி தெரிந்தவர் ஒருவரின் ஜீப்பை வரவழைத்து, பள்ளிக்குள்ளேயே நிறுத்திவைத்தார். பூங்காவனம் தேர்வு முடிந்து வந்ததும் ஏற்றிக்கொண்டு நேராகச் சேலம். வள்ளியும் தேவகுமாரியும் முன்கூட்டியே ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். அதற்குமேல் யாருக்கும் வேறு வழி தோன்றவில்லை. வண்டி வெளியே போக வாசல் ஒன்றுதான். மலையிறங்கும் சாலையும் அவர்களுக்கு ஒன்றுதான்.

சொந்தப் பள்ளிப் பிள்ளைகளை மேற்பார்க்க அந்தப் பள்ளி ஆசிரியர்களை விடமாட்டார்கள். செல்வமேரி வராந்தாவில் தூணருகே நின்றாள். உள்ளே சேலத்திலிருந்து வந்த ஓர் ஆசிரியை நடந்துகொண்டிருந்தார். நேரம் போகப்போக ஒவ்வொருத்தியாக எழுதி முடித்து வெளியே வந்தார்கள். பேனா மையை ஒருவர்மேல் ஒருவர் உதறினார்கள். "போச்சுடி பள்ளியோடம், போச்சுடி!" என்று கத்தினார்கள். வெள்ளைச் சட்டைகளில் நீலம் சிதறியது.

பூங்காவனம் எழுதிக்கொண்டிருந்தாள்.

அவள் எழுந்து கையை நீட்டினாள். ஆசிரியை கூடுதல் தாள் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடி எழுந்தாள். மறுபடி வாங்கினாள். அறை காலியாகிக்கொண்டே வந்தது. கடைசியில் அவளும் அற்புதமும் மட்டும் இருந்தார்கள். அற்புதம் எப்போதோ எழுதி முடித்துப் பேனாவை மூடிவிட்டாள். தாளைக் கொடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

மேற்பார்வை ஆசிரியை வாசலுக்கு வந்து செல்வமேரியைப் பார்த்துச் சிரித்தார். "உங்க பொண்ணுங்களா? எத்தனை தாளு! இவதான் ஸ்கூல் ஃபர்ஸ்ட்னு நினைக்கிறேன்."

"ஆமாங்க" என்றாள் செல்வமேரி.

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பூங்காவனத்தின் பேனா நிற்கவில்லை. கேள்வித்தாள் கவிழ்ந்து கிடந்தது. அவள் அதைப் பார்க்கவே இல்லை.

வெளியே, சாலையின் அந்தப் பக்கம், மோட்டார் சைக்கிளை உதைக்கும் சத்தம் கேட்டது. ஓர் உதை. கிளம்பவில்லை. இன்னோர் உதை.

பூங்காவனம் எழுந்து கையை நீட்டினாள்.

"இன்னொரு தாள் டீச்சர்."

ஆசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். தயங்கினார். பிறகு கொடுத்தார்.